பி.எட். படிப்பு: பயிற்சிப் பள்ளியின் 80 நாட்களைக் குடும்பம் காத்துக் கொடுக்க வேண்டும்



கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் எங்கள் கீழ்பென்னாத்தூர் பகுதியில் பெற்றோர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். "ஹஜ்ரத், பிள்ளையை பி.எட். சேர்க்கலாமா?" என்பது முதல் கேள்வி. "தினமும் போகத் தேவையில்லாத காலேஜ் ஏதாவது இருக்கா?" என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்கு நம் பதில், தாராளமாகச் சேர்க்கலாம் என்பதே. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தப் படிப்பு, எந்த வகுப்புக்கு?

ஆசிரியராக இரண்டு முக்கியமான பாதைகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் (டி.எல்.எட்.) படிக்கலாம். முன்பு இதை டி.டி.எட். என்று சொல்வார்கள். இது 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கானது. பட்டம் முடித்தவர்கள் இரண்டாண்டு பி.எட். படிக்கலாம். இது ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள வகுப்புகளுக்கானது.

"பி.எட். முடித்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம்தானே?" என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது. சிறு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் உங்கள் பிள்ளைக்கு விருப்பம் என்றால் பட்டயப் படிப்பே சரியான வழி.

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் நம் கீழ்பென்னாத்தூரில்தான் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக நாடு முழுவதும் மாவட்டந்தோறும் உருவான நிறுவனங்களில் இதுவும் ஒன்று. ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியும் இத்தகைய நிறுவனங்களின் பொறுப்பு. எந்தெந்த நிறுவனங்களில் பட்டயச் சேர்க்கை நடக்கிறது என்பது ஆண்டுதோறும் வரும் அறிவிப்பில் இருக்கும். அதைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

சேருமுன் சரிபார்க்க வேண்டியவை

1. பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் சிலர் பன்னிரண்டாம் வகுப்பு எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அரசுப் பணிக்கு இது தடையாக நிற்கும். ஆலிம் ஸனது மட்டும் பி.எட். சேரப் போதாது. ஆகவே ஓதும் காலத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பையும் எழுதிவிடச் சொல்லுங்கள்.

2. பட்டத்தில் எடுத்த பாடத்தைப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு போன்ற பாடங்களுக்கு இளங்கலை போதும். பொருளியல், வணிகவியல் போன்ற பாடங்களில் பி.எட். சேர முதுகலைப் பட்டம் கேட்பார்கள்.

3. மதிப்பெண்: பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுக்கு 45 சதவீதம்.

4. சாதிச் சான்றிதழ்: 2007 முதல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார், ஷேக், சையத் ஆகிய பிரிவினருக்கு இது பொருந்தும். சான்றிதழில் இந்தப் பிரிவு சரியாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால், திருத்திக் கைக்கு வருவதற்குள் சேர்க்கைத் தேதி முடிந்துவிடக்கூடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

நம் பகுதிக்கு அருகில் உள்ள அரசு கல்வியியல் கல்லூரி வேலூரில் இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. முதல் முயற்சி அங்கேதான் இருக்க வேண்டும். இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? 2008இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா? வெளிமாநிலக் கல்லூரியின் பெயரைச் சொல்லி இங்கேயே பணம் வாங்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

தபால்வழி பி.எட். எல்லாருக்கும் உரியது அல்ல. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் அந்த வழி.

"ஃபீஸ் கட்டுங்க, வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தா போதும்" என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. பெண் பிள்ளையை வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு அந்தப் பேச்சு இனிக்கிறது. ஆனால் நடப்பது என்ன? வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்து. நடத்தாத பாடத்துக்கு நடத்தியதாக ரெக்கார்டு. இது பொய்ச் சாட்சி. ஹலால் ஹராம் பார்த்துச் சோறு உண்ணும் நாம், நாளை அந்தப் பட்டத்தால் வரும் சம்பளத்தையும் அப்படிப் பார்க்க வேண்டாமா? மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் நஷ்டம் நமக்குத்தான். வகுப்பறையையே பார்க்காத ஆசிரியை முதல் நாள் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று திணறுவார். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் ஓராண்டு வீணாகும்.

80 நாள் கணக்கு

2015–16 கல்வியாண்டிலிருந்து பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. இதில் பள்ளியில் இருந்து பெறும் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் தொடர்ச்சியாக 16 வாரம். கல்லூரி வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும்.

வாரத்துக்கு 5 நாள் என்று வைத்தால் 16 வாரம் என்பது 80 நாள். அதில் 90 சதவீதம் 72 நாள். ஆக, பிள்ளைக்கு மிச்சம் இருப்பது 8 நாள் மட்டுமே. காய்ச்சல், உறவுக்காரர் வீட்டு நிக்காஹ், மௌத்துக்குப் போவது எல்லாம் இந்த 8 நாளுக்குள் அடங்க வேண்டும்.

நம் வீடுகளில் பி.எட். பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பரீட்சையில் தோற்று நின்றவர்களை விட, இரண்டாமாண்டில் கல்யாணம் வைத்ததால் நின்றவர்களையே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். நிக்காஹ் நல்ல காரியம், தள்ளிப்போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தேதி குறிக்கும்போது பயிற்சிக் காலத்தை விட்டு, விடுமுறையில் குறியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் "இந்தப் படிப்பை முடிக்க விட வேண்டும்" என்று பேச்சுவார்த்தையிலேயே தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஏற்கெனவே மணமான பெண் படிக்கிறாள் என்றால், அந்த நான்கு மாதம் காலைச் சமையலையும் கைக்குழந்தையையும் யார் பார்த்துக்கொள்வது என்று மாமியாரும் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

போக்குவரத்தையும் யோசியுங்கள். பயிற்சிப் பள்ளி ஒதுக்கும் முன்பே, வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போகும் பள்ளியாகக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். அரசுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருவண்ணாமலை நகருக்குள் பள்ளி கிடைத்தால் பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் கூட்ட நெரிசலைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

வகுப்பறைக்குள் போனபின்

பயிற்சி ஆசிரியராகப் போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

முதல் வாரம் பேசுவதைக் குறைத்துக் கவனியுங்கள். வகுப்பாசிரியர் எப்படி அமைதி கொண்டுவருகிறார், எந்த மாணவனை எங்கே உட்கார வைத்திருக்கிறார், கரும்பலகையை எப்படிப் பிரித்து எழுதுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியருக்கு வகுப்பு சீக்கிரம் அடங்கும்.

பாடக் குறிப்பை முந்தின இரவே எழுதி முடியுங்கள். ஒரு பாடவேளைக்கு ஒரு கருத்து போதும். தொடங்குவது, விளக்குவது, கேள்வி கேட்பது, பாராட்டுவது என்று நுண்ணிலைக் கற்பித்தலில் தனித்தனியாகப் பழகிய திறன்களை இங்கே சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பாதி நேரம் நீங்கள் பேசினால் மீதி நேரம் மாணவர்கள் பேசட்டும், எழுதட்டும். துணைக்கருவிக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. பழைய காலண்டர் அட்டை, புளியங்கொட்டை, செய்தித்தாள் போதும்.

வழிகாட்டி ஆசிரியர் குறை சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். "நாளைக்கு எதை மாத்தணும் சார்?" என்று கேட்டு, அதை மாற்றிக் காட்டுங்கள். தொண்டையைக் கத்திக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிரம்பைத் தொடவே வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் மாணவர்களை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பிள்ளைகளிடம் கனிவு காட்டுவது நம் நபிகளார் (ஸல்) அவர்களின் வழியும்கூட.

ரெக்கார்டு வேலையைச் சேர்த்துவைப்பதுதான் பலரை அழவைக்கிறது. அன்றன்று நடத்தியதை அன்றன்று எழுதினால் தினம் ஒரு மணி நேரம் போதும். கடைசி வாரம் கடையில் காசு கொடுத்து எழுதி வாங்கும் ரெக்கார்டு, செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

தொழுகை, உடை, நோன்பு

இவற்றைப் பற்றிப் பேச வெட்கமோ பயமோ வேண்டாம். கல்லூரியின் உடை விதி என்ன, ஹிஜாபுடன் வரலாமா என்பதைச் சேருமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்தபின் சண்டை போடுவதை விட இது மேல். பயிற்சிப் பள்ளியில் சேரும் நாளே தலைமையாசிரியரைச் சந்தித்து, ளுஹரை மதிய இடைவேளையில் தொழுதுகொள்ள ஓர் இடம் கேளுங்கள். பையன்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எழுத்தில் அனுமதி கேட்டு, அந்தப் பாடவேளையை வேறு நேரத்தில் எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். பணிவாக முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ரமளானில் பயிற்சி வந்தால், குரலை அதிகம் செலவழிக்க வேண்டிய பாடங்களைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள்.

பட்டத்துக்குப் பின்

பி.எட். முடித்தவுடன் அரசு வேலை என்று யாரும் கனவு காண வேண்டாம். எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயம். பொதுவான தேர்ச்சி மதிப்பெண் 150க்கு 90. நம் பிரிவுக்குத் தளர்வு உண்டு, எவ்வளவு என்பது அந்தந்த அறிவிக்கையில் இருக்கும். ஒருமுறை தேர்ச்சி பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும். தமிழக அரசின் 2018 ஆணைப்படி, டெட் தேர்ச்சிக்குப் பின் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். முதுகலையும் பி.எட்.டும் உள்ளவர்கள் மேல்நிலை வகுப்பு ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதலாம்.

"நம் சமுதாயப் பள்ளியில் சேர டெட் தேவையில்லையே" என்று சிலர் சொல்வார்கள். பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் டெட் தேவை என்று 2025 செப்டம்பர் 1இல் சொன்ன உச்சநீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதன் முடிவு எப்படி இருந்தாலும், எழுதித் தேர்ச்சி பெற்று வைத்திருப்பவருக்கு நஷ்டம் இல்லை.

ஜமாஅத்தார் செய்யக்கூடியது

கட்டணத்துக்காக வட்டிக் கடனில் விழுவதற்கு முன் ஊர் பைத்துல்மாலை அணுகச் சொல்லுங்கள். ஏழை மாணவிக்கு இரண்டாண்டுக் கட்டணத்தைப் பொறுப்பேற்பது ஒரு ஜமாஅத்தால் முடியாத காரியம் அல்ல. படிக்கும் பிள்ளைகளுக்கு மக்தபில் மாலை நேர வகுப்பு ஒன்றை ஒப்படைத்தால் அவர்களுக்குப் பழக்கமும் ஆகும், நம் குழந்தைகளுக்குக் கணக்கும் தமிழும் வரும்.

நபிகளார் (ஸல்) ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனாவுக்கு ஓர் ஆசிரியரை அனுப்பினார்கள். அவர்தான் முஸ்அப் இப்னு உமைர் (ரலி). அவர் தங்கிப் பணிசெய்ய வீடு கொடுத்தவர் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி). அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி என்பதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. ஆசிரியருக்குப் பின்னால் ஒரு வீடு நிற்க வேண்டும் என்பதை முஸ்அப் (ரலி) அவர்களின் வரலாற்றிலும், பெண் ஆசிரியை நமக்குப் புதியவர் அல்ல என்பதை ஷிஃபா (ரலி) அவர்களின் வரலாற்றிலும் காண்கிறோம்.

ஆகவே பெற்றோர்களே, "போகத் தேவையில்லாத காலேஜ்" தேடாதீர்கள். போக வேண்டிய அந்த 80 நாளும் பிள்ளை நிம்மதியாகப் போய்வர வீட்டை ஒழுங்குபடுத்துங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் நற்பேற்றையும் தந்தருள்வானாக! ஆமீன்.