குடவோலையும் குடியிருப்பும்

அணுபுரத்துக்கும் உத்தரமேரூருக்கும் இடையே நெடுந்தொலைவு இல்லை. 2019இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்விரு பகுதிகளும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அதனாலோ என்னவோ, நம் இலக்கிய வட்டக் கூட்டங்களில் மக்களாட்சி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் உத்தரமேரூர்க் கல்வெட்டு மேடையேறிவிடும். பெருமை பேசியதும் அமர்ந்துவிடுவோம். அக்கல்வெட்டை இன்றைய நகரத் தெருவின் வாக்குப்பதிவோடு சேர்த்துப் படித்தல் வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்டவை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள இரு கல்வெட்டுகள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. இன்றைய வழக்கில் வார்டுகள் எனலாம். குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்திலிட்டனர். இளையோரும் முதியோருமாகச் சபை கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமார் ஒருவர் தவறாமல் வந்திருக்க, மூத்த நம்பி குடத்தை எல்லாரும் காண உயர்த்துவார். உள்ளே இருப்பதறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய அகங்கையில் வாங்கிப் படிப்பான். இவையெல்லாம் வேந்தனது ஆணையோடு வந்த அலுவலர் உடனிருக்க வகுக்கப்பட்ட விதிகள். முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமன்றி, அவருடைய உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது என்ற விதியைப் படிக்கும்போது இன்றும் மனம் நிறைகிறது.

ஆயினும் குடவோலை வாக்களிப்பு அன்று, அது திருவுளச்சீட்டு. ஆதரவு திரட்டவோ, ஒரு பக்கம் சாயவோ அங்கே இடமில்லை. யாருடைய பெயர் ஓலையில் எழுதப்படும் என்பதே அங்குள்ள ஒரே அரசியல். கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக்கல்வி, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது ஆகியவை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறும் தகுதிகள். பிரமதேய ஊரின் அந்தச் சபையில் உழுதவனுக்கு ஓலையில்லை, பெண்ணுக்கும் இல்லை.

ஓலையில் பெயர் ஏறிய வரலாறுதான் வாக்குரிமையின் வரலாறு. 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலிலும் சொத்தும் வரியுமே அளவுகோல். அத்தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. அன்று வாக்களியாமையே ஓர் அரசியற் சார்பாக இருந்தது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் அதே சொத்துத் தகுதியோடு பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கியது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த 1951-52 தேர்தலிலோ, தம் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் பதிந்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் நாடெங்கும் பட்டியலிலிருந்து விடுபட்டனர். பெயரில்லையேல் ஓலையில்லை.

இனி நம் தலைநகருக்கு வருவோம். சென்னை தி.மு.க.வின் கோட்டை என்பர். 1959இல் மாநகராட்சியைப் பிடித்த பின்பே அக்கட்சி 1967இல் கோட்டையை எட்டியது. 1991இல் மாநிலமெங்கும் தோற்றபோதும் அதற்குக் கிடைத்த இரு தொகுதிகளும், துறைமுகமும் எழும்பூரும், சென்னையில் உள்ளவையே. ஆனால் 2011இல் நகரின் பதினாறு தொகுதிகளில் பதினான்கு அ.தி.மு.க. அணிக்குச் சென்றன. 2021இல் பதினாறும் தி.மு.க. அணிக்கு வந்தன. கோட்டை என்ற சொல்லை நாம் சற்று எளிதாகவே ஆள்கிறோம்.

ஏனெனில் ஒரு தெருவின் சார்பு என்று நாம் படிப்பது, வந்தவர்களின் சார்பை மட்டுமே. 2021இல் பாலக்கோட்டில் நூற்றுக்கு 87 பேர் வாக்களிக்க, வேளச்சேரியில் ஏறத்தாழ 56 பேரே வந்தனர். 2024 மக்களவைத் தேர்தலில் மாநில அளவு ஏறத்தாழ 70. மத்திய சென்னையில் 54. 2016 முதல் மன்றமே இல்லாதிருந்த மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது பதிவானது ஏறத்தாழ 43.6 விழுக்காடு. பதிவான வாக்கில் பாதியைப் பெற்று வென்ற ஓர் உறுப்பினர், பட்டியலிலுள்ள நூற்றுவருள் இருபத்திருவரின் பேராளரே. வார்டுகளிற் பாதி மகளிர்க்கு ஒதுக்கப்பட்ட அத்தேர்தலில்தான் பிரியா மாநகரின் முதல் தலித் பெண் மேயரானார். உத்தரமேரூர்க் குடத்தில் ஒருநாளும் விழுந்திருக்க முடியாத பெயர் அது. அந்த நாளில் நகரின் பெரும்பகுதி வாக்குச்சாவடிக்கு வரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சோம்பல் என்று சொல்லி இதனைக் கடந்துவிடுவது வழக்கம். நான் முற்றும் உடன்படேன். 2025 டிசம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது தமிழகத்தில் ஏறத்தாழ 97 இலட்சம் பெயர்கள் நீங்கியிருந்தன. 40 இலட்சம் பெயர்கள் கொண்ட சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 இலட்சத்துக்கு மேல். இறந்தவரினும் இடம் பெயர்ந்தவரும் முகவரியில் காணப்படாதவருமே மிகுதி. அப்படியானால் முந்தைய விழுக்காடுகளில், வராதவர் எனக் கணக்கிடப்பட்ட பலர் அத்தெருவிலேயே இல்லாதவர். வாடகை வீடு மாறும் நகரில் படுக்கை ஓரிடம், பெயர் வேறிடம். சொந்த மனை கேட்ட சோழர் காலத்து விதி சட்டத்திலிருந்து மறைந்துவிட்டது. வாடகைக் குடியினர் வாழ்வில் முகவரி என்ற பெயரோடு அது எஞ்சியிருக்கிறது.

பணியின்பொருட்டுப் பல ஊர்களிலிருந்தும் வந்தவர் வாழும் நம் அணுபுரமும் இதற்கு விலக்கன்று. என் பெயரே பல ஆண்டுகள் பிறந்த ஊர்ப் பட்டியலில் கிடந்தது. தேர்தல் நாளன்று விடுமுறை கிடைத்தும், பேருந்தேறச் சலித்து வீட்டிலிருந்த ஆண்டுகள் உண்டு. வகுப்பில் குடவோலை நடத்தியவள்தான் நான்.

2025 நவம்பரில் கணக்கீட்டுப் படிவம் வந்தது. பழைய பட்டியலில் பெயர் எங்கே இருந்தது என்று அது கேட்டது. நான் ஊர்ப்பெயரை எழுதி முடித்துவிட்டேன். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண், திருமணமாகி வேறு மாவட்டத்திலிருந்து வந்தவள், தன் படிவத்தை நீட்டினாள். பழைய பட்டியல் எழுதப்பட்டபோது அவள் சிறுமி. எனவே பெற்றோர் பெயரைத் தேடவேண்டும். இரண்டு மாலைகள் அமர்ந்து, தந்தையின் பெயரை எழுத்துப்பிழையோடு கண்டெடுத்தோம். வரைவுப் பட்டியல் வந்த அன்று, காலையில் பாத்திரம் துலக்குமுன் அவள் கேட்ட முதற் கேள்வி, "அம்மா, எம்பேரு இருக்குதா?" என்பதே.