கோணல் செங்கல்

மாணவர் விடுதி கட்டுவது எளிய காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். நடுவே நீண்ட நடை. இரு புறமும் ஒரே அளவில் அறைகள். அறைக்கு ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். தீர்ந்தது வேலை! ஆனால், வெளிச்சமும் காற்றும் ஒரு வரிசைக்குத்தான் வாய்க்கும். எதிர் வரிசையில் இடம் கிடைத்தவன் படிப்பு முடியும் மட்டும் கொல்லைப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த வழக்கத்தை மாற்றிய விடுதி ஒன்று அமெரிக்காவில், கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறது. மாஸசூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த 'பேக்கர் ஹவுஸ்' அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைவீரர்கள் கல்வியை நாடிக் கல்லூரிகளில் வந்து குவிந்த காலம். அங்கே கட்டிடக் கலை போதித்துவந்த பின்லாந்துக்காரர் ஆல்வார் ஆல்டோவிடம் விடுதி அமைக்கும் பொறுப்பு வந்தது. 1949இல் விடுதி திறக்கப்பட்டது.

ஆல்டோ, 1933இல் பைமியோ என்னும் ஊரில் காசநோய் மருத்துவமனை ஒன்றைக் கட்டி முடித்தவர். நாள் முழுதும் விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கும் நோயாளியின் கண்ணை மேற்புறத்தின் நிறம் உறுத்தக் கூடாது என்று கவலைப்பட்டவர். அந்த மனிதர் மாணவனின் மேஜை முன்னும் உட்கார்ந்து பார்த்ததில் வியப்பில்லை.

மனைக்குத் தெற்கே சார்ல்ஸ் நதி. வெயிலும் அழகும் அந்தத் திசையில்தான். ஆயினும், நதிக்கும் மனைக்கும் நடுவே மோட்டார்கள் ஓடும் சாலை கிடக்கிறது. நேர்ச் சுவர் எழுப்பினால் அத்தனை அறைகளுக்கும் நதியோர இடம் போதாது. கண்ணுக்கு நேரே சாலைதான் நிற்கும். ஆல்டோ சுவரைப் பாம்பு போல் வளைத்தார். வளைந்த சுவரின் நீளம் கூடிற்று. அறைகளில் பெரும்பாலானவை நதியைப் பார்த்தன. பார்வையும் சாலையைச் சாய்வாகக் கடந்து நீரோட்டத்தை ஒட்டிச் சென்றது. படிக்கட்டு வடக்குப் பக்கம் போயிற்று.

விளைவு? ஒரு மாடியில் 43 அறைகள். அவற்றில் 22 விதமான வடிவங்கள்! செலவுக் கணக்குப் பார்ப்பவர் தலையில் கை வைத்துக்கொள்ளலாம். ஒரே அச்சில் வார்த்தால் பணம் மிச்சமாகும் என்பது மெய்தான். ஆனால், எல்லோருக்கும் ஒரே அளவு அறையைக் கொடுத்துவிட்டுப் பாதிப் பேருக்கு வெயிலை மறுத்தால் அதற்குச் சமத்துவம் என்று பெயரா?

செங்கல் விஷயத்திலும் ஆல்டோ இப்படியே நடந்தார். சூளையிலிருந்து வந்ததைத் தரம் பிரிக்காமல் வைத்துக் கட்டச் செய்தார். கருகியதும் கோணியதும் மற்றவற்றோடு சேர்ந்து சுவரைத் தாங்குகின்றன. சில சற்றே துருத்திக்கொண்டும் நிற்கின்றன.

அங்கே மாணவர் நலத் தலைவராக இருந்தவர் எவரெட் பேக்கர். 1950 ஆகஸ்டு 31 அன்று, பம்பாயிலிருந்து புறப்பட்ட விமானம் கெய்ரோவுக்கு அருகே விழுந்து நொறுங்கியதில் அவர் மாண்டார். அவர் பெயரையே விடுதிக்குச் சூட்டினார்கள்.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாணவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். புதிதாக விடுதி கட்ட முனைபவர், எத்தனை பேரை அடைக்கலாம் என்று கணக்கிடும் முன், கடைசி மூலை அறைக்கு வரப்போகும் பையனைச் சிறிது நினைத்துப் பார்த்தால் நல்லது.