டென்சியோமீட்டருக்கான வெற்றிட உணரி

மண்ணிலிருந்து நீரைப் பெற வேர் எவ்வளவு விசையுடன் உறிஞ்ச வேண்டியுள்ளது என்பதைக் காட்டும் டென்சியோமீட்டரில், முள் நகரும் மானிக்குப் பதிலாகப் பொருத்தப்படும் மின்னணு அழுத்த உணரி. கம்பம் பன்னீர் திராட்சை போன்ற பயிர்களின் பாசன நேரத்தைக் கணிக்க இக்கருவி மிகவும் ஏற்றது. நீர் நிரம்பிய குழாயின் அடியிலுள்ள நுண்துளைப் பீங்கான் முனை வழியே காய்ந்த மண் நீரை இழுக்க, குழாயினுள் உருவாகும் பகுதி வெற்றிடத்தையே உணரி அளக்கிறது.

முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொள்ளும் தனி அழுத்த உணரி, காற்றழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். அவ்வழுத்தமோ சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கம்பத்தில் ஏறத்தாழ 97 கிலோபாஸ்கலாகவும், 1500 மீட்டர் உயர மேகமலையில் 85 ஆகவும் இருப்பதால், வெளிக்காற்றைச் சுழியாகக் கொள்ளும் சார்பழுத்த உணரியே இங்குப் பொருந்தும். சிலிக்கான் மென்தகட்டின் வளைவை மின்னழுத்தமாக்கும் எம்பிஎக்ஸ்வி6115வி என்ற அவ்வகை உணரி, 115 கிலோபாஸ்கல் வெற்றிடம் வரை அளந்து, 5 வோல்ட் மின்வழங்கலில் 4.6 முதல் 0.2 வோல்ட் வரை வெளியிடுகிறது. 80 கிலோபாஸ்கலை நெருங்கும்போது குழாய்நீரில் குமிழ்கள் தோன்றிக் கருவியே செயலிழப்பதால், இந்த உணரியினதைவிடப் பரந்த வீச்சை நாடுவது துல்லியத்தை வீணாக்கும். இத்தகைய உணரிகள் உலர்ந்த காற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை. ஆகவே உச்சியில் சிறு காற்றிடைவெளி விட்டு நீர் தொடாமல் காக்க வேண்டும். முனைக்கு மேலுள்ள நீர்த்தம்பத்தின் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் அளவீட்டிலிருந்து கழிக்கப்படுகிறது.