தெருவே ஆய்வுக்களம்: பொருளியல் முதுகலைப் படிப்பும் பிரேசர் டவுனும்

பொருளியல் முதுகலைப் பாடத்திட்டத்தைக் குறை சொல்பவர்களில் பலர் அதில் கணிதம் மிகுந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேரியனின் நுண்பொருளியல் பாடநூலும் குஜராத்தியின் பொருளியல் அளவியல் பாடநூலும் கைவராமல் இன்று இத்துறையில் யாரும் காலூன்ற முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தரவு யார் வாயிலிருந்து, எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதை ஒருமுறையேனும் தானே திரட்டிப் பார்க்காமல் மாணவர் பட்டம் பெற்றுவிட முடிகிறது. களஆய்வு கடைசிப் பருவத்தின் ஆய்வேட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. அதையும் பலர் இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளைக் கொண்டே முடிக்கிறார்கள். தான் குடியிருக்கும் வட்டாரத்தைக் கணக்கெடுப்பது முதுகலைப் படிப்பின் கட்டாயத் தாளாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பெங்களூரின் பிரேசர் டவுனை முன்வைத்து அதைச் சொல்கிறேன்.

இந்த வழி நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் உள்ளிட்ட ஊர்களின் நிலம், கூலி, கடன், உணவு பற்றி அவர்கள் எழுதியவை 1918-இல் நூலாயின. அவ்வூர்கள் எந்தப் புள்ளியியல் விதிப்படியும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஆனால் 1936-37-இல் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்தார்கள். 1980-களில் எஸ். குகன் முதலான சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் சில ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் இருவேல்பட்டின் கதையை 2008 வரை கொண்டுவந்தார்கள். பெருநிலக்கிழார் ஒருவரின் பிடி ஓர் ஊரில் எப்படித் தளர்ந்தது என்று இன்று நம்மால் தொண்ணூறு ஆண்டு நீளத்துக்குப் பேச முடிகிறதென்றால், அதற்கு அடித்தளம் விடுமுறையில் வீட்டுக்குப் போன மாணவர்களின் நோட்டுப் புத்தகங்கள்தாம்.

கர்நாடகத்திலும் இப்படியொரு முன்னோடி ஆய்வு உண்டு. மண்டியா அருகே இரண்டு சிற்றூர்களை 1950-களில் ஆராய்ந்த ஸ்கார்லெட் எப்ஸ்டீன் 1970-இல் அங்கே மீண்டும் சென்றார். கால்வாய்த் தண்ணீர் வந்த ஊரில் பழைய சமூக உறவுகள் பெரிதும் அப்படியே நின்றன; தண்ணீர் எட்டாத ஊர் பிழைப்புக்கு வெளியே போய் வேகமாக மாறியது. எந்தத் திரட்டுப் புள்ளிவிவரமும் இதைத் தானாகச் சொல்லியிருக்காது.

நகர வட்டாரங்களுக்கு இத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை. 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்குக்குப் பின், கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க உருவாக்கப்பட்ட குடியிருப்புதான் பிரேசர் டவுன். மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்று அரசு ஏட்டில் அது புலிகேசி நகர். தமிழும் தக்கணி உருதும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இடம். இதன் பொருளாதாரத்தை அறிய இன்று மாணவருக்கு என்ன கிடைக்கிறது? கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய் 2027-க்கு வந்து நிற்கிறது. இதற்கிடையில் மாநகராட்சி வார்டுகளின் எல்லைகள் மறுபடி மறுபடி வரையப்பட்டன. 2025-இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. வார்டு வாரியாகத் தொகுத்த எண்களை இனி முன்னும் பின்னும் ஒப்பிடுவது பெரும்பாடு. தெருவும் கதவிலக்கமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. எனவே தெரு அளவில் எடுத்த கணக்கு நெடுங்காலம் பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பெங்களூரில் 'லீஸ்' என்றும் தமிழ்நாட்டில் போக்கியம் என்றும் வழங்கும் ஏற்பாடு நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார். காலி செய்யும்போது அசல் முழுவதும் திரும்ப வரும். தொகை 12 லட்ச ரூபாய், அதே போன்ற வீட்டின் மாத வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அதாவது 12 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். குடிவந்தவர் அப்பணத்தை 7 விழுக்காட்டுக்கு வங்கியில் போட்டிருந்தால் 84,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். மீதமுள்ள 60,000 ரூபாய் அவர் சுமக்கும் இடர்ப்பாட்டுக்கான விலை. அடுத்த ஆள் பணத்தோடு வந்தால்தான் பல வீட்டுக்காரர்களால் முந்தையவருக்குத் திருப்பித்தர முடியும் என்பது வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் தெரியும்.

வாடகைச் சந்தையும் கடன் சந்தையும் ஒரே பத்திரத்தில் பிணைந்திருக்கும் இந்த ஏற்பாடு தென்கொரியாவில் சோன்சே என்ற பெயரில் நாடளாவி நிலவுகிறது. அதைப் பற்றி ஆய்வுகள் ஏராளம். நம் மாணவர் அவற்றைப் படித்துவிட்டுத் தன் தெருவில் கேட்க வேண்டிய கேள்விகள் பல. வங்கிக் கடன் மலிவாகக் கிடைக்கும்போது வீட்டுக்காரர் ஏன் 12 விழுக்காடு கொடுக்கிறார்? பாகப்பிரிவினை முடியாத சொத்தை வங்கி அடமானமாக ஏற்காததாலா? வருமானச் சான்று காட்ட முடியாததாலா? குடிவருபவர் அத்தொகையை எப்படிப் புரட்டினார், சீட்டெடுத்தா, நகையை வைத்தா? மாத வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்கும் வினாத்தாளில் இந்தக் குடும்பத்துக்கு நேரே பூஜ்யம்தான் விழும். அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு முழு நிதிச் சந்தை இருப்பதை, வாசலில் நின்று கேட்டவர் மட்டுமே அறிவார்.

பிரேசர் டவுனின் மாஸ்க் ரோடும் இப்படியொரு பாடம். ரம்ஜான் மாத இரவுகளில் அங்கே முளைக்கும் உணவுக் கடைகளுக்கு நகரமே திரண்டு வரும். அண்மை ஆண்டுகளில் குப்பை, நெரிசல், இரைச்சல் என்று குடியிருப்போர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய சமூகச் செலவு பற்றிய கட்டுரையை வகுப்பில் படிக்காத முதுகலை மாணவர் குறைவு. பாதிப்பு இருதரப்பானது என்று அவர் சொன்னதைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. நகர வியாபாரக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே இடம்பெற வேண்டும் என்கிறது. ஒரு மாதக் கடையின் வரவு எவ்வளவு, அதை நம்பி எத்தனை பேர், எதிர்வீட்டு முதியவருக்குத் தூக்கம் கெட்டதன் விலை என்ன என்று யாரும் அளக்காதவரை, உரத்த குரல் உடையவர் பக்கமே முடிவு சாயும்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. சொந்த இடத்தை ஆராய்பவருக்குக் கண் மறைக்கும் என்பது அது. ஸ்லேட்டரின் காலத்தில் கல்லூரியை எட்டியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். சேரியின் கணக்கைத் திண்ணையில் இருந்தபடியே எழுதியிருக்கக்கூடும் என்ற ஐயத்தை அந்நூலிலிருந்து முழுதும் விலக்க முடியாது. ஆகவே அவருடைய முறையை அப்படியே எடுக்காமல் திருத்திக்கொள்ள வேண்டும். வட்டாரத்துக்காரர் ஒருவரும் வெளியாள் ஒருவருமாக இருவர் சேர்ந்தே வீடு ஏற வேண்டும். அவ்விருவரில் ஒருவருக்கேனும் அந்த வீட்டில் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். அதிலும் பெண்ணிடம் கேட்க வேண்டிய கணக்கைக் கணவரிடம் கேட்டு நிரப்பக் கூடாது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் வருமானம் இப்படித்தான் ஏட்டிலிருந்து காணாமல் போகிறது. ஒரு தெருவை வைத்து நகரத்தைச் சொல்ல முடியாது என்ற மறுப்பு எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. நகரத்தைச் சொல்வது இத்தாளின் நோக்கமுமன்று.

நடைமுறை கடினமானதன்று. நான்கு பருவங்களில் இரண்டாவதில் ஒரு தாள். அடுத்த விடுமுறை களத்துக்கு. மூன்றாம் பருவத்தில் அதே தரவைக் கொண்டே பொருளியல் அளவியல் பயிற்சி. விடுபட்ட விடையும் பொய்யான விடையும் மதிப்பீட்டை எப்படிச் சாய்க்கின்றன என்பதைத் தன் கையால் நிரப்பிய படிவத்தில் கண்டவருக்குப் பாடநூலின் அந்த அத்தியாயத்தைத் தனியே விளக்கவேண்டியதில்லை. பெயர்களை நீக்கிய படிவங்களைத் துறை நூலகம் காக்க வேண்டும். கதவிலக்கத்தையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் துறைத்தலைவரின் பொறுப்பில் பூட்டியிருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் மாணவர் அப்பட்டியலைக் கேட்டுப் பெற்று, அதே கதவுகளைத் தட்ட விதி இடம் தர வேண்டும். சுருக்கத்தின் ஒரு படி தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் அத்தெருவாசிகளுக்குப் போக வேண்டும்; விடை சொன்னவர்கள் அவர்கள்தாமே.