பச்சிளங் குழந்தை அறியுமா?

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் என் குறிப்பேட்டில் ஒரு வாக்கியம் எழுதிவைத்தேன்: பிறந்த குழந்தையின் மனம் எழுதாத பலகை. நெடுங்காலம் அதை நம்பியும் வந்தேன். ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அறிவு என்னிடமே தொடங்குகிறது என்ற செருக்கும் அதில் கலந்திருந்தது போலும். பச்சிளங் குழந்தை எதையும் அறியாது என்னும் இந்நம்பிக்கையின் வரலாறு வருத்தந் தருவது.

ஜெர்மனியில் யேனா என்றொரு பல்கலைக்கழக நகரம். அங்கே உடலியல் பேராசிரியராயிருந்த வில்ஹெல்ம் பிரையர், தம் மகன் பிறந்தது முதல் மூன்றாண்டுகள், நாளுக்கு மூன்று முறை அவனை உற்றுநோக்கிக் கண்டதையெல்லாம் எழுதினார். அக்குறிப்புகள் 1882-இல் ‘குழந்தையின் உள்ளம்’ என்னும் நூலாயின. குழந்தை உளவியலுக்கு அடிகோலிய நூல் அது. அத்துணைப் பொறுமையுடையவரும் ஒன்றில் தவறினார். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளும் செவிடே என்று எழுதிவிட்டார்.

அதே நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநோய் மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். அவரும் தம் மகன் தலையிலே பலமுறை சோதித்தார்! யேனாவில் பேராசிரியருக்குப் பிள்ளையாய்ப் பிறப்பது எளிதன்று.

கண்மூடி அமைதியாயிருக்கும் பெரியவரின் மூளையின் பின்பகுதியில் விநாடிக்குச் சுமார் 10 அலைகள் எழும். மூன்று நான்கு மாதக் குழந்தைக்கோ 3 அல்லது 4 அலைகளே. மூளை படிப்படியாக முதிர்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால், முதிராத மூளை வலியை உணராது என்றும் மருத்துவருள் பலர் எண்ணியிருந்தனர். அதன் விளைவு கொடியது. 1980-களின் நடுப்பகுதி வரை, மேனாட்டு மருத்துவமனைகளிலும், குறைமாதக் குழந்தைகளுக்கு அசையாதிருக்க ஒரு மருந்தும் இலேசான மயக்க வாயுவும் மட்டுமே தந்து நெஞ்சைத் திறந்து அறுவை செய்ததுண்டு. குழந்தை அசையவில்லை, ஆகவே அதற்கு வலியில்லை என்று கொண்டார்கள்.

இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கே. ஜே. எஸ். ஆனந்த், தம் துணைவருடன் இதை ஆராய்ந்தார். வலி தணிக்கும் மருந்தும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில், உடல் துன்புறும்போது மிகும் சுரப்புநீர்கள் அவ்வளவாக ஏறவில்லை. அறுவைக்குப் பின் வரும் இடர்களும் குறைந்தன. ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. பச்சிளங் குழந்தைக்கும் முறைப்படி மயக்க மருந்து தரவேண்டுமென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அவ்வாண்டே அறிவித்தது.

பிரையர் செவிடென்ற குழந்தையோ வேறு சான்று தந்தது. டிகாஸ்பர், ஃபைஃபர் என்போர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று நாளும் நிரம்பாத குழந்தைகள், தாயின் குரலைக் கேட்பதற்காகவே ரப்பர்க் காம்பைச் சப்பும் முறையை மாற்றிக்கொண்டன.

என் மூத்த மகள் பிறந்த வாரத்தில் என் மனைவி தொட்டிலருகே தாலாட்டுப் பாடினாள். “அதற்கு என்ன கேட்கப் போகிறது?” என்று நகைத்தேன். அவள் மறுமொழி சொல்லவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை.