முசெத் : ஒரு பெயரும் மூன்று கருவிகளும்

பிரெஞ்சு மக்கள் இசையைப் பற்றிப் பேசுவோர் அக்கோடியனையே அந்நாட்டின் தொன்மையான கருவியெனக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், அக்கோடியன் என்ற பெயரில் ஒரு கருவிக்கு முதன்முதலாக உரிமம் பெறப்பட்டது 1829இல், அதுவும் வியன்னாவில். அவ்வாறாயின், பாரிஸ் நகரத்து அக்கோடியன் இசைக்கு 'முசெத்' என்னும் பழம்பெயர் எவ்வாறு வந்து சேர்ந்தது? இதற்கு விடை தேடுமிடத்து, இசையிலக்கணத்திலும் பார்க்கச் சமூக வரலாறே நமக்குத் துணைசெய்கின்றது.

முசெத் என்பது தோற்பையிற் குழல்களைப் பொருத்திய ஊதுகருவி. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிற் பிரெஞ்சுப் பிரபுக்கள் இடையர் வாழ்வைக் கற்பனையில் நுகர்ந்து மகிழ்ந்தனர். அம்மோகத்தோடு இடையரின் கருவியும் அரண்மனை புகுந்தது. ஆயின் பழைய கோலத்தில் அன்று. பைக்குப் பட்டுப் போர்வை, குழல்களுக்கு யானைத் தந்தம். வாயால் ஊதின் முகம் கோணுமென்பதனாற் போலும், காற்றூட்டுவதற்குக் கைக்கடியில் ஒரு துருத்தி! ஒத்தெத்தேர் என்னும் இசைஞர் 1737இல் அதற்கென ஒரு பயிற்சி நூலே வெளியிட்டார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அம்மோகம் தணிந்தது.

பெயர் மீண்டும் உயிர்பெற்றது உழைப்பாளர் மத்தியிலாகும். மத்திய பிரான்சின் ஓவேர்ன் மலைப்பிரதேசத்து மக்கள் 19ஆம் நூற்றாண்டில் வறுமையால் உந்தப்பட்டுப் பெருந்தொகையினராய்ப் பாரிஸ் சென்றனர். வீடுகளுக்கு நீர் சுமந்தனர். விறகும் கரியும் விற்றனர். கரிக்கடையோடு மதுக்கடையும் நடத்தினர். பஸ்தீலை அண்டிய லாப் வீதியின் மதுக்கடைகளில் அவர்களது 'கப்ரெத்' ஒலித்தது. சிறிய ஆடு எனப் பொருள்படும் இப்பெயர் அதன் ஆட்டுத்தோற் பையினால் வந்தது. வாசிப்பவர் காலிற் சலங்கை கட்டித் தாளமிட, ஏனையோர் 'பூரே' நடனம் ஆடினர். கப்ரெத்தையும் நகரத்தார் முசெத் என்றே அழைத்தனர். அது ஒலித்த நடனக்கூடங்கள் 'பால் முசெத்' எனப்பட்டன.

அடுத்து வந்தோர் இத்தாலியர். அவர்கள் கொணர்ந்த அக்கோடியனை ஓவேர்ன் மக்கள் முதலில் வெறுத்தனர். அன்னியரை வெறுத்த இவர்களும் அந்நகருக்கு வந்தேறியவர்களே என்பது இங்கு நோக்கற்பாலது. எனினும், புகழ்பெற்ற கப்ரெத் கலைஞரான பூஸ்கத்தெல், இத்தாலிய வழிவந்த சார்ள்ஸ் பெகூரியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்மோடு வாசிக்கச் சேர்த்துக்கொண்டார். பெகூரி பின்னர் அவருக்கு மருமகனுமானார். வோல்ட்ஸ் முதலிய புதிய நடனங்களுக்கு அக்கோடியனே வசதியாயிருந்தது. சில பத்தாண்டுகளுள் கப்ரெத் அக்கூடங்களிலிருந்து ஒதுங்க, அதன் பெயரை மாத்திரம் அக்கோடியன் சுவீகரித்துக்கொண்டது. ஒரே சுரத்துக்குரிய நாக்குகளைச் சற்றே சுருதி விலக்கி ஒலியில் நடுக்கம் உண்டாக்கும் முறையும் முசெத் என்றே வழங்கலாயிற்று.

தூய தேசிய இசை என்று ஒன்றை வரையறுக்க முனைவோர் இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1934இற் பாரிஸில் தோன்றிய புகழ்பெற்ற ஜாஸ் குழுவின் கிற்றார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், இளமையில் இக்கூடங்களில் அக்கோடியனுக்குத் துணையாகப் பாஞ்சோ வாசித்தவர். அவரோ நாடோடி இனத்தவர்.

கப்ரெத் அடியோடு அழிந்துவிடவில்லை. அதனை வாசிக்கும் கலைஞர் இன்றும் உளர். ஆயினும், முசெத் என்றதும் பாரிஸ்வாசியின் நினைவில் எழுவது அக்கோடியனே.