சாய்ந்த மரங்கள் சொன்ன செய்தி

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்குச் சுமத்ரா காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், மலாக்கா நீரிணையைத் தாண்டி, கருமேகம் வரிசை கட்டி வரும். பெரும்பாலும் அது கரையேறுவது விடியற்காலை. மரம் சீவப் புறப்படும் நேரம். லயத்துத் தகரம் பறக்கும், பால்மரங்கள் நிரையோடு சாயும். இத்தகைய காற்றையெல்லாம் நாம் 'சூறாவளி' என்று ஒரே பெயரிட்டு அழைத்துவிடுகிறோம். ஆனால் சூறாவளி சுழன்றடிப்பது. சுழலாமல், மேலிருந்து நேரே விழுந்து அடிக்கும் காற்றும் உண்டு. உலகம் அதைத் தெரிந்துகொண்ட வரலாற்றைப் பார்ப்போம்.

1945 ஆகஸ்டில் நாகசாகியில் அணுகுண்டு விழுந்தது. சில வாரங்கள் கழித்து அங்கே ஆராயச் சென்றவர்களுள் ஃபுஜித்தா என்ற இளம் ஜப்பானிய ஆசிரியரும் ஒருவர். குண்டு வெடித்த இடத்திற்கு நேர் கீழே தொடங்கி, நாலாபுறமும் மரங்கள் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததை அவர் கண்டார். பின்னர் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1974 ஏப்ரலில் அங்கே பெரும் புயல்கள் வீசிய பிறகு, விமானத்திலிருந்து காடுகளைப் பார்வையிட்டபோது அதே கோலம் மீண்டும் கண்ணில் பட்டது. குண்டு இல்லை, அப்படியானால் விழுந்தது எது? காற்றுதான் என்றார் அவர்.

1975 ஜூன் 24ஆம் நாள் நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று இடிமழையில் நொறுங்கி 113 பேர் மாண்டனர். அதற்கும் இந்தக் காற்றே காரணம் என்று அவர் கூறியபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் சிக்காகோவுக்கு அருகே டாப்ளர் ராடார்களை நிறுத்தி அவர் கண்காணித்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்று ராடாரில் அகப்பட்டது. மரத்தைப் பார்த்துச் சொன்னதைக் கருவியும் சொல்லிவிட்டது!

இது நிகழும் விதம் கடினமானதல்ல. மழைமேகத்துக்குள் வறண்ட காற்று புகுந்தால் நீர்த்துளிகள் ஆவியாகின்றன. அதனால் காற்று குளிர்ந்து கனக்கிறது. மழையின் பாரமும் சேர, அது கீழே விழுகிறது. வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் நாலாபக்கமும் சிதறுமே, அப்படித்தான். ஆகவே காலநிலை வல்லுநர்கள் பலூன் அனுப்பி, உயரே எங்கே ஈரம், எங்கே வறட்சி, எவ்வளவு வெப்பம் என்று அளக்கிறார்கள். இன்று அத்தகைய மேகம் உருவாகுமா என்பது அதில் தெரியும். எந்த மேகம் என்பதை ராடார் காட்டும்: மேகத்தின் நடுவே காற்று ஒன்றுகூடுவதும், கனமழை கீழே இறங்குவதும் முன்னறிகுறிகள்.

நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அதே 1974இல் ஒரு நல்ல வேலை செய்தது. காற்றின் கொடுமையும் நோயும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதால், இடத்துக்கேற்ற மரவகையை நடச் சொன்னது. காற்றுக்கு முறியும் இனத்தைக் காற்றடிக்கும் இடத்தில் நட்டால் இழப்பு யாருக்கு என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1998இல் சிப்பாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்காக டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் டாப்ளர் ராடார் இயங்குகிறது. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அது வெகுதூரமில்லை. ஓடுபாதையில் இறங்கும் விமானிக்குச் சில நிமிட முன்னறிவிப்பே போதும், மேலே எழும்பிவிடலாம். பொதுமக்களுக்கும் வானிலைத் துறை இடிமழை எச்சரிக்கை விடுகிறது. ஆனால் அது மாவட்டத்தின் பெயரைச் சொல்லுமே தவிர, எந்த நிரை என்று சொல்லாது. நிரைக்குள் நிற்பவருக்கு இன்றும் முதலில் வந்து சேர்வது, மழைக்கு முன்னால் திடீரென்று முகத்தில் அடிக்கும் அந்தக் குளிர்காற்றுதான்.